எழுபத்திரண்டு போதாமல் போன ஞாயிற்றுக்கிழமை

“...இவ தொண்ணூறு கேப்பா தம்பி. குடுத்துறாதீங்க. எழுபத்திரண்டே போதும்” என்றார் என் மாமியார்.

அவர் தம்பி என்று அழைத்தது ஐம்பது வயதைத் தாண்டிய ரவி அண்ணனை. கிள்ளான் வட்டாரத்தில் டிவி டிஷ் மாட்டுவது, கழற்றுவது, என்னைப் போன்றவர்கள் கழற்றியதைத் திரும்ப மாட்டுவது எல்லாம் அவர் தொழில். எங்கள் வீட்டுக் கார் போர்ச் கூரைமேல் மீட்டரும் கையுமாக நின்றுகொண்டு, “சிக்னல் எழுபத்திரண்டு. ஓகேவா தங்கச்சி?” என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அத்தை குறுக்கே விழுந்துவிட்டார்.

சத்தியமாக நான் தொண்ணூறு கேட்கப் போகவில்லை. (எண்பது கேட்கலாம் என்றிருந்தேன்.)

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் என் கையில் கொடுக்கக்கூடாது. பழுதானதைக் கொடுங்கள், ஒழுங்காக ஆள் கூப்பிட்டுச் சரி செய்வேன். நன்றாக இருப்பதைக் கொடுத்தால் இன்னும் நன்றாக ஆக்கப் பார்ப்பேன். குற்றம் என்னுடையது மட்டுமில்லை, பிழைப்பும் அப்படி. பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று நாள் முழுக்க உற்றுப் பார்ப்போம். இதையே பல வருஷம் செய்தவளுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் எங்கேயோ ஒழுகுகிற மாதிரியே தெரியும்.

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு தமிழ் சேனலில் சமையல் போட்டி நடத்தினார்கள். என் மாமியார் அஞ்சலை, காப்பார்க்காரர். மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வைக்கும் நண்டுக் கறிக்காகவே தூரத்துச் சொந்தமெல்லாம் பக்கத்துச் சொந்தமானது. அவருக்குத் தெரியாமல் பெயர் கொடுத்தது நான்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பதிவு. அன்றைக்கு எனக்கு விடுப்புக் கிடைக்காததால் என் கணவர் சேகர் காரில் கொண்டுபோய் விட்டு, வெளியே உட்கார்ந்திருந்து, சாயங்காலம் அழைத்து வந்தார்.

“என்ன அத்த, ஜெயிச்சீங்களா?”

“சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

“உங்கிட்ட சொல்றதும் டிவில சொல்றதும் ஒண்ணுதான்.”

அதோடு சரி. இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஜெயிக்காத ஆளால் இப்படி அடக்கி வைக்க முடியுமா? முடியாது என்று நானே தீர்ப்பு எழுதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஒளிபரப்புக்கு வீட்டுக்கு வரச் சொல்லி ஊரைக் கூட்டிவிட்டேன். காப்பாரிலிருந்து இரண்டு கார், டெங்கிலிலிருந்து சித்தப்பா குடும்பம் ஒரு வேன், எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று பேர்.

“எதுக்கும்மா அத்தன பேரு?” என்று அத்தை இரண்டு தடவை கேட்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். மழை. தீபாவளி சமயத்தில் கிள்ளானில் நாலு மணிக்கு மேல் வானம் கறுத்தால் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நகரும். கொட்ட ஆரம்பித்ததும் டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, கதாநாயகன் பாதி வசனத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான். அத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை டிவியில் வரப்போகிறார். அவர் முகம் சதுரம் சதுரமாக உடைந்தால் மருமகள் என்று நான் எதற்கு இருக்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிக்கோடர் மெனுவைத் தோண்டிப் பார்த்தேன். சிக்னல் எழுபத்திரண்டு. படம் கண்ணாடி மாதிரி இருந்தது, அது வேறு விஷயம். மழை வந்தால் எழுபத்திரண்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? தொண்ணூறு இருந்தால் மழைக்கே பயமில்லையே! கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

போனில் வீடியோ தேடினேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் மொட்டைமாடியில் நின்று டிஷ் திருப்பக் கற்றுக் கொடுத்தார். என்ன குரல், என்ன தமிழ்! “தட்டைத் தென்கிழக்கு பார்த்துத் திருப்பி, லேசா அசைச்சுக்கிட்டே வாங்க நண்பர்களே, சிக்னல் தொண்ணூறைத் தாண்டும்” என்றார். நண்பர்களே என்று என்னையும் சேர்த்துச் சொன்னதில் எனக்கு ஒரே குளிர்ச்சி. அந்தத் தமிழில் ஒருவர் சொன்னால் கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் ஆழம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரோஸிடம் ஏணி வாங்கி வந்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஏறுற?”

“சிக்னல ஏத்த அத்த.”

“படம் நல்லாத்தானே இருக்கு? நல்லா இருக்கறத ஏம்மா நோண்டுற?”

“மழ வந்தா போயிரும்.”

அத்தை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் கிடையாது. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

கூரைமேல் நின்று போனில் திசை பார்த்தேன். எங்கள் டிஷ் மேற்குப் பக்கம் சாய்ந்து, காப்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. (அத்தையின் ஊர்ப்பக்கமே எல்லாம் சாய்கிறது என்று அப்போதும் மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு.) சுற்றிலும் பார்த்தேன். காக் ரோஸ் வீட்டு டிஷ்ஷும் காப்பாரைத்தான் பார்த்தது. அவருக்கு அடுத்த வீடும் அப்படித்தான். எதிர் வரிசை முழுக்கவும் அப்படித்தான். கண்ணுக்கு எட்டிய நாற்பது வீட்டிலும் நாற்பது டிஷ், ஒரே பக்கம், ஒரே சாய்வு, பள்ளிக்கூடத்துச் சபைகூடலில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

சாதாரண மனுஷி என்றால் இந்த இடத்தில் இறங்கியிருப்பாள். நான் அங்கே நின்று, நாற்பது வீடுகளையும் பார்த்து, பரிதாபப்பட்டேன். ‘பாவம், மொத்த வரிசையும் தப்பாக வைத்திருக்கிறது. அதனால்தான் மழைக்கு எல்லார் வீட்டிலும் போகிறது’ என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினேன்.

“என்னங்க, எவ்ளோ?” என்று கத்தினேன். கீழே டிவிக்கு முன்னால் சேகர்.

“எழுபத்திரண்டு!”

தென்கிழக்காகத் திருப்பினேன். “இப்ப?”

“நீலமா இருக்கு!”

“நம்பர் சொல்லுங்க!”

“நம்பரே இல்ல. நீலம்தான்!”

லேசா அசைக்கச் சொல்லியிருக்கிறாரே, அசைத்தேன். “இப்ப?”

“நீலம்!”

“இப்ப?”

“அதே நீலம்தான் லா, வாணி!”

மேலே தூக்கினேன், கீழே தாழ்த்தினேன், வலம் இடம் என்று ஆட்டினேன். விளக்குமாற்றால் ஒட்டடை அடிப்பவள்கூட அத்தனை வேகமாக ஆட்டமாட்டாள். கீழேயிருந்து நீலம், நீலம் என்று சேகர் ஏலம் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், சரி, கௌரவத்தை விட்டுப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம் என்று பார்த்தால், பழைய இடம் எது? காப்பார் பக்கம் என்று தெரியும். காப்பார் என்ன, உள்ளங்கை அகலமா? நட்டைத் தளர்த்தும் முன்னால் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கலாம். தொழிற்சாலையில் புதிதாக வரும் பெண்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான்: எதையும் கழற்றும் முன்னால் குறி போட்டுக்கொள்.

ரவி அண்ணனைப் போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம் முழங்கியது.

“தங்கச்சி, சிரம்பான்ல கல்யாணத்துல இருக்கேன். புதன்கிழம வரேன்.”

நாலு மணிக்குச் சொந்தங்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவை, பூ, முறுக்கு டின். டெங்கில் சித்தப்பா வேனை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, கூரைமேல் இருந்த என்னை அண்ணாந்து பார்த்தார்.

“என்னம்மா வாணி, டிஷ் எங்க ஊரப் பாத்து நிக்குது? இருபத்து மூணு பேரயும் இங்க கூப்டுட்டு, டிவிய டெங்கில்ல பாக்கச் சொல்றியா?”

டெங்கில் எங்களுக்குத் தென்கிழக்கு. இறங்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, உள்ளங்கையில் துரு, முகத்தில் வெயில். கூடத்தில் இருபத்து மூன்று பேரும் சுத்தமான ஒரு நீலத் திரைக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். போனில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நண்டுக் கறி வைக்கும் ஒரு அத்தையை, உள்ளங்கை அளவுத் திரையில், இருபத்து மூன்று பேர் எப்படிப் பார்ப்பது?

ஏணி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த காக் ரோஸ் நிலைமையைப் பார்த்துவிட்டு, “மாரி, மாரி” (வாங்க, வாங்க) என்று மலாயில் சொல்லி எல்லாரையும் தன் வீட்டுக்குக் கை காட்டி அழைத்தார். ஓடினோம். அவர் டிவியில் படம் அருமை. (தப்பாக வைத்த டிஷ்!) தமிழ் சேனலைப் போட்டால், இந்தச் சேனல் உங்கள் பேக்கேஜில் இல்லை என்று எழுத்து வந்து நின்றது. மணி நாலே முக்கால்.

“விடும்மா. பாக்கலன்னா என்ன, உசிரா போயிரும்?” என்றார் அத்தை. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது யோசித்தால் புரிகிறது. அப்போது நான் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை.

“மாமாக் கடை!” என்று கத்தினேன்.

எங்கள் முக்கில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, உண்டு. பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ, சுவரில் ஆளுயரத் திரை. பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் கிழங்கு வறுவல் டப்பாவோடு காக் ரோஸுமாக நாலு வண்டியில் ஏறிப் போய் இறங்கினோம். கல்யாண ஊர்வலம் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். திரையில் பேட்மிண்டன். கடை நிறைய ஆள். ஒருவர் வாயிலும் ரொட்டி இறங்கவில்லை, அவ்வளவு நெருக்கமான ஆட்டம்.

“பாஸ், சேனல் மாத்தணும்.”

“அக்கா, எனக்கு அடி வாங்கிக் குடுத்துருவீங்க போல. மூணாவது செட்டு ஓடுது.”

“வேணாம்மா, அவங்க பாக்கட்டும்” என்று அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் விடுவேனா? நாற்காலிமேல் ஏறி, தமிழில் பாதி, மலாயில் பாதியாக, எங்கள் மாமியார் இன்னும் இரண்டு நிமிஷத்தில் டிவியில் வருகிறார் என்று கடை முழுக்க அறிவித்தேன். எல்லாரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். மூலை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த சீன அங்கிள் ஒருவர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

“கசி லா! கசி ஆன்ட்டி தெங்கோக்!” (விட்டுக் கொடுங்கள், ஆன்ட்டி பார்க்கட்டும் என்று.)

சேனல் மாறியது. அத்தை வந்தார். ஆளுயரத் திரையில், அரக்குப் புடவையில், கரண்டியும் கையுமாக. எங்கள் கூட்டம் கை தட்டியது. கடையும் சேர்ந்து தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னே, யாரால் இதெல்லாம்?

திரையில் அறிவிப்பாளர் பெண் கேட்டாள்: “நண்டுக் கறியோட ரகசியம் என்னம்மா?”

“ரகசியம்னு ஒண்ணும் இல்லம்மா” என்றார் திரை அத்தை. “மூடி போட்டா போட்டதுதான், தொறக்கக்கூடாது. எங்க வீட்ல மருமக இருக்கா. வாணின்னு பேரு. கொதிக்கிற கறிய எட்டு தடவ தொறந்து பாப்பா. நல்லா இருக்கறத இன்னும் நல்லா பண்றேன்னு நோண்டி நோண்டி, கடைசில சட்டிய கழுவத்தான் முடியும். அவ சமைச்சா நான் வாசல்ல போயி ஒக்காந்துக்குவேன். கண்ணால பாக்க முடியாதும்மா!”

கடை வெடித்தது. இருபத்து மூன்று சொந்தங்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு நாற்காலியின்மேல் நின்று இவள்தான் மருமகள் என்று கடைக்கே காட்டிக்கொடுத்தவள் நான்தானே. டெங்கில் சித்தப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்து, என் முழங்கைச் சிராய்ப்பைக் காட்டி, “இன்னிக்கி என்ன நோண்டுனான்னு கேளுங்க!” என்று அடுத்த மேசைக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சீன அங்கிளுக்கு யாரோ மலாயில் மொழிபெயர்த்ததும் அவர் ஒரு சுற்றுத் தாமதமாகச் சிரித்தார். திரையில் அத்தை மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது நடுவர் பேசிக்கொண்டிருந்தார். அத்தைக்கு இரண்டாவது இடம். “எல்லாம் பிரமாதம்மா. உப்புதான் ஒரு சிட்டிகை குறைவு. நடுவுல ஒரே ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம்” என்றார்.

  இரண்டு மாதமாக அத்தை இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார்: உப்பில் தோற்றதையும், மருமகளை ஊர் முன்னால் சொன்னதையும். கடவுளாகப் பார்த்து டிஷ்ஷைக் கெடுத்துக் காப்பாற்றியதை, நான் நாலு வண்டி வைத்துக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு சொட்டு மழை இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு மறுஒளிபரப்பு. சேகர் வேலைக்குப் போயிருந்தார். நான் காலை ஷிப்டு முடிந்து வந்திருந்தேன். ரவி அண்ணன் இரண்டரைக்கு வந்தார். வீடியோவில் வந்தவர் சொன்னபடிதான் செய்தேன் என்று கூரையைப் பார்த்து வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த ஆளு சொன்னது சரிதான் தங்கச்சி. ஆனா அவரு இந்தியாவுல நிக்கிறாரு. நாம இங்க நிக்கிறோம். சேட்டிலைட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல, கடலுக்கு மேல இருக்கு. அவரு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும், நாம அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும். நீங்க அவரு பாக்கற பக்கமே பாத்தா சேட்டிலைட்டுக்கு முதுகத்தான் காட்டணும்.”

பிறகு டிஷ்ஷைக் காப்பார் பக்கம் திருப்பி, நகக்கண் அளவு நகர்த்தினார். நிறுத்தினார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி ஒரு நகக்கண்.

“அசைச்சுட்டு சும்மா இருக்கணும் தங்கச்சி. நீங்க ஆட்டுன ஆட்டுல சிக்னல் வந்திருந்தாலும் பெட்டி கண்டுபிடிச்சிருக்காது.”

எழுபத்திரண்டு வந்ததும், தொண்ணூறு கேட்பாள், கொடுத்துவிடாதீர்கள் என்று அத்தை சொன்னது அப்போதுதான். அந்த ஒரு வாக்கியம் ரவி அண்ணன் வாயால் கிள்ளான் முழுக்கப் போயிற்று. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் முடிந்ததும், “தொண்ணூறு வருது, எல்லாத்தையும் ஒளிச்சு வைங்க” என்பார்கள். தொண்ணூறு என்பது நான். காக் ரோஸ்கூட ஏணி கேட்டால், “பெராப்பா? செம்பிலான் பூலோ?” என்பார். எத்தனை, தொண்ணூறா என்று மலாயில். அந்த ஒரு நம்பர் எல்லா மொழியிலும் பரவிவிட்டது.

அன்றைக்கு ரவி அண்ணன் இறங்கி வந்து கை கழுவி உட்கார்ந்ததும் மூன்று மணி அடித்தது. அடுப்பில் நண்டுக் கறி, மூடி போட்டபடி. அவருக்காகத்தான் வைத்திருந்தார் அத்தை. டிவியில் அதே அரக்குப் புடவை, அதே கேள்வி. மருமகள் எட்டு தடவை திறந்து பார்க்கும் இடம் வந்ததும் ரவி அண்ணன் தேநீர் புரையேறச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அத்தை என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, சத்தத்தைக் கூட்டினார்.

“...ஆனா ஒண்ணும்மா” என்றது திரை. “போன வருசம் சுகர் ஏறி ஆஸ்பத்திரில கெடந்தேன். ஒவ்வொரு வேளையும் என் மாத்திரைய எட்டு தடவ எண்ணிப் பாத்துத்தான் கையில குடுப்பா. நோண்டுறவதான். அவ நோண்டலன்னா நான் இங்க வந்து நின்னுருக்க மாட்டேன்.”

ரவி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து, சமையலறைக்குப் போனார். போய், கொதித்துக்கொண்டிருந்த கறியின் மூடியைத் திறந்து, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தார்.